தேவ நோக்கத்தைக் கண்டறியும் முகாம்: பணம் கட்டிப் போகலாமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த மூன்றில் இரண்டு வேதபாடம் எடுத்த ஒரு அம்மாவுக்கு, மீதி ஒன்று சமையல்கட்டில் இருந்தவர்களுக்கு. சனி இரவுக் கூட்டத்துக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் பூஜ்யத்துக்குக் கீழே போட வழியிருக்கிறதா என்று கேட்பேன்.

முகாமின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகிற குறை இந்த ஒரு இடத்துக்கு மட்டும் உரியதில்லை, இதே மாதிரி முகாம் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் கன்னியாகுமரியிலும் வருடம் முழுக்க வேறு வேறு தலைப்பில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. "உன் வாழ்க்கையைக் குறித்த தேவனுடைய நோக்கத்தைத் தவறவிடாதே" என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், பக்கத்தில் மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கிற ஒரு வாலிபன் படம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். எங்கள் சபை வாலிபர் சிலரோடு துணைக்குப் பெரியவர்கள் வேண்டும் என்றதால் நானும் என் வீட்டுக்காரரும் போனோம்.

முதலில் வசதிகள். வெள்ளி சாயங்காலம் ஆரம்பித்து ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடிகிறது. கொடைக்கானல் பக்கம், வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை, வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். அறைகள் சுத்தம். பெண்கள் பக்கம் வெந்நீர் காலை ஆறரைக்கு மேல்தான் வருகிறது, ஆனால் காலை ஜெபம் ஆறு மணிக்கு, இதை யார் திட்டமிட்டார்களோ தெரியவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. சனிக்கிழமை மதியம் போட்ட கோழிக்குழம்பும், ராத்திரி குளிரில் கொடுத்த சுக்கு காபியும் இன்னும் நினைவிருக்கிறது. போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அதுவும் நல்லதுதான்.

அப்புறம் பயிற்சி ஏடு. சேர்ந்தவுடனே கையில் ஒன்றைக் கொடுக்கிறார்கள், நல்ல தாள், நல்ல அச்சு. முதல் பாதி வரங்களைக் கண்டறியும் கேள்வித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டுக் கூட்டினால் உங்களுக்குப் போதிக்கிற வரமா, உதவி செய்கிற வரமா, நடத்துகிற வரமா என்று வந்துவிடுமாம். என் வீட்டுக்காரருக்கு உபசரிக்கும் வரத்தில் முழு மதிப்பெண். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி போடுவது யார் என்று அந்தத் தாளுக்கு எங்கே தெரியும். இது விளையாட்டு, போகட்டும்.

இரண்டாம் பாதிதான் விவகாரம். ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு கோடு, மேலே "என் வாழ்க்கைக் கோடு" என்று தலைப்பு. பிறந்த வருடத்தில் தொடங்கி இன்றைக்கு வரை முக்கியமான நிகழ்வுகளைக் குறிக்க வேண்டும், அப்புறம் "தேவ திட்டத்தை எங்கே தவறவிட்டேன்" என்று சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட வேண்டும். ஆமாம், சிவப்புப் பேனாவும் கொடுக்கிறார்கள். அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது பாருங்கள். தவறவிட்டாயா என்று கேட்கவில்லை, எங்கே என்றுதான் கேட்கிறார்கள். பத்தொன்பது, இருபது வயசுப் பிள்ளைகள் யோசித்து யோசித்துக் குறி போடுகிறார்கள். ஒரு பெண் பிளஸ் டூவில் பயாலஜி எடுக்காததற்குக் குறி போட்டிருந்தாள்.

சனி இரவு. பேசியவர் நன்றாகப் பேசக்கூடியவர், அதில் சந்தேகமில்லை, பின்னணியில் கீபோர்டு வேறு. ஆண்டவருடைய திட்டம் ரயில் மாதிரி, அது உனக்காக நிற்காது, நீ ஏறாவிட்டால் உன் சீட்டில் வேறொருவனை உட்காரவைத்துக்கொண்டு போய்விடும் என்றார். எஸ்தர் 4:14, சவுல், சிம்சோன் என்று வரிசையாக எடுத்தார். தவறவிட்டவர்களுக்கு என்ன கதி? இரக்கம் உண்டு, மன்னிப்பு உண்டு, ஆனால் இனி இரண்டாம் தரம்தான் என்றார். இரண்டாம் தரம் என்கிற அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் அமைதியாக நின்றார். பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையையும் சொன்னார். தெரியாதவர்கள் கிடையாது: திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி அந்த இளம்பெண்ணைக் கூப்பிடுகிறார்கள், எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப்போங்கள் என்கிறாள், ஆண் டாக்டர் வேண்டாம் என்று மறுத்துவிட்டுப் போகிறார்கள், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். "அந்த ஒரு ராத்திரியை ஐடா தவறவிட்டிருந்தால் வேலூர் சி.எம்.சி. இருந்திருக்குமா?" என்று கேட்டார். கேட்கும்போது சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் கதையை முழுசாகப் பார்த்தால் அது இவர் சொல்வதற்கு நேர் எதிர். மிஷனரிக் குடும்பத்தில் ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடாவுக்கு இந்த ஊழியமே வேண்டாம் என்றுதான் இருந்தது, அமெரிக்காவில் வேறு வாழ்க்கையை நினைத்துக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்க வந்த இடத்தில்தான் அந்த ராத்திரி. இவருடைய கணக்குப்படி வருடக்கணக்காக வேண்டாம் என்றவருக்கு ரயில் எப்போதோ போயிருக்க வேண்டும். அதற்கப்புறம் போய் மருத்துவம் படித்து 1899இல் பட்டம் வாங்கி, திரும்பி வந்து வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தார். இன்னொன்றையும் யோசித்தேன். அந்த ராத்திரி பக்கத்து அறையில் இருந்த அப்பா ஸ்கடர், வாழ்நாள் முழுக்க இந்த ஊர்களில் வைத்தியம் பார்த்தவர், அவருடைய பெயரை எந்த முகாமிலும் யாரும் சொல்வதில்லை. அவர் நோக்கத்தைத் தவறவிட்டாரா? பெயர் பெரிதாக வந்தால்தான் நோக்கம் நிறைவேறியது என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம்.

சரி, இப்போது அந்த இரண்டு நட்சத்திரத்துக்கு வருகிறேன். வேதாகமக் கல்லூரியில் பல வருடம் பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா, இரண்டு வேதபாடம் எடுத்தார். ஒன்று சனி மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் தூங்கி வழிகிற நேரம். இன்னொன்று ஞாயிறு காலை ஆராதனைக்கு முன். மைக் வேண்டாம் என்றார், கீபோர்டு வேண்டாம் என்றார், எண்ணாகமம் 13, 14ஐத் திறங்கள் என்றார்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலரில் பன்னிரண்டு பேர், கர்த்தர் தருவதாகச் சொன்ன கானானை வேவு பார்க்கப் போகிறார்கள், 40 நாள் கழித்துத் திராட்சைக்குலையோடு வருகிறார்கள், பத்துப் பேர் முடியாது என்கிறார்கள், ஜனங்கள் எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்கிறார்கள். மோசே மன்றாடுகிறார். அந்த அம்மா எங்களை நிறுத்திய இடம் 14:20. கர்த்தர் மோசேயிடம், உன் வார்த்தையின்படியே மன்னித்தேன் என்கிறார். அடுத்த வசனங்களிலேயே, இவர்கள் அந்தத் தேசத்தைக் காணமாட்டார்கள் என்கிறார். மன்னிப்பும் உண்டு, இழப்பும் உண்டு, இரண்டும் ஒரே மூச்சில். விசுவாசிகள் தேவ நோக்கத்தைத் தவறவிட முடியுமா என்று கேட்டால் முடியும் என்பதுதான் இந்த அதிகாரத்தின் பதில், அதை இனிப்புத் தடவி மாற்ற எனக்கு உரிமையில்லை என்றார். எதை இழந்தாலும் ஒன்றுமில்லை, ஆண்டவர் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடுவார் என்று புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை பாணியில் பேசுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மறுநாள் காலையில் இதே ஜனங்கள், தப்புப் பண்ணிவிட்டோம், இப்போது போகிறோம் என்று தாங்களாகவே மலையேறி அடிவாங்கித் திரும்பினதையும் வாசிக்கவைத்தார்.

ஆனால் அவர்கள் தவறவிட்டது எதை என்று பாருங்கள் என்றார். ரகசியமாக எங்கோ ஒளித்துவைத்த திட்டத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் தவறவிடவில்லை. போ என்று தெளிவாகச் சொன்ன இடத்துக்குப் போகமாட்டோம் என்றார்கள். சவுல் ராஜாவுக்கும் கட்டளை தெளிவு, அமலேக்கியரிடம் எதையும் மிச்சம் வைக்காதே என்று, அவன் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவைத்தான், மாட்டிக்கொண்ட பிறகும் 1 சாமுவேல் 15:30இல் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றுதான் கெஞ்சுகிறான். யோனாவுக்குப் போகவேண்டிய ஊர்ப்பெயரே சொல்லியாயிற்று, நினிவே, அவன் வேறு திசையில் கப்பலேறினான். லூக்கா 7:30இல் பரிசேயரும் நியாயசாஸ்திரிகளும் தங்களுக்கான தேவ ஆலோசனையைத் தள்ளிவிட்டார்கள் என்று இருக்கிறது, எப்படி? யோவானிடம் ஞானஸ்நானம் பெறாமல். கண்ணெதிரே நடந்த ஒன்றை வேண்டாம் என்று தள்ளினார்கள். மதிப்பெண் குறைவாக வாங்கினதாலும் தப்பான காலேஜில் சேர்ந்ததாலும் தேவ நோக்கத்தைத் தொலைத்தவன் என்று வேதத்தில் ஒருத்தனைக் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

எங்கள் சபைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். லூக்கா 19:44இல் எருசலேம் அழிந்ததற்குக் காரணமே, உன்னைச் சந்திக்கும் காலத்தை நீ அறியாமற்போனாய் என்பதுதானே, அறியாமல் போனதும் தவறவிடுவதுதானே என்றான். நல்ல கேள்வி. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார், அந்த ஊர்த் தேவாலயத்தில் இயேசு அவர்கள் நடுவிலேயே போதித்துக்கொண்டிருந்தார், அறிய விரும்பாதவர்களுக்குத்தான் அது மறைவானது என்றார். எனக்கு இந்தப் பதில் முழுசாகத் திருப்தியில்லை. அறியாமைக்கும் அறிய விரும்பாமைக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, நம்மில் நிறையப் பேர் அங்கேதான் குடியிருக்கிறோம். அவருக்கும் அது தெரிந்திருந்தது போல, அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோ தம்பி என்றார். யோனாவைப் பற்றியும் எனக்கு ஒரு சந்தேகம். மனந்திரும்பினான், மறுபடியும் வாய்ப்புக் கிடைத்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் கடைசி அதிகாரம் வரைக்கும் அவன் கோபமாகத்தான் உட்கார்ந்திருக்கிறான். ஒழுங்காகத் திருந்தினவனுக்குத்தான் மறுவாய்ப்பு என்கிற சூத்திரமும் அவனிடம் செல்லாது.

அந்த அம்மா எஸ்தர் 4:14ஐயும் எடுத்தார், முந்தின ராத்திரி பயமுறுத்தின அதே வசனம். யூதப் பெண்ணான எஸ்தர் ராணியிடம், அவளை வளர்த்த மொர்தெகாய் சொல்வதில் முதல் பாதி என்ன? நீ மௌனமாயிருந்தால் யூதருக்கு வேறொரு இடத்திலிருந்து இரட்சிப்பு வரும். அதாவது ஆண்டவர் செய்யப்போவது ஒரு பெண்ணின் கையில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அவளுடைய பங்கைத்தான் அவள் இழக்கக்கூடும். நாம் ஒரு தப்புப் பண்ணினால் ஆண்டவருடைய வேலையே நின்றுவிடும் என்று நினைப்பது பயபக்தி மாதிரித் தெரிந்தாலும் அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

கல்யாணக் கேள்விதான் அதிகம் வந்தது, வராமலா இருக்கும். ஆண்டவர் எனக்கென்று குறித்த ஒரே ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பெண் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு 1 கொரிந்தியர் 7:39. பவுல் அங்கே சொல்வது விதவைகளுக்கு: கர்த்தருக்குட்பட்டவனாக இருக்கிற எவனையாகிலும் தன் இஷ்டப்படி விவாகம் பண்ணிக்கொள்ள விடுதலை. இஷ்டப்படி என்று பவுலே எழுதியிருக்கிறார், உங்கள் அம்மா அப்பாவிடம் இந்த வசனத்தைக் காட்டும்போது என் பெயரைச் சொல்லாதீர்கள் என்றார், கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. அதே மூச்சில், கர்த்தருக்குட்பட்டவன் என்பதை விட்டுவிட்டு இஷ்டப்படியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார்.

அப்போஸ்தலர் 16இல் பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்க்கிறார், ஆவியானவர் தடுக்கிறார், பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதுவும் இல்லை, கடைசியில் துரோவாவில், மக்கெதோனியாவுக்கு வா என்று ஒரு தரிசனம். இரண்டு கதவு மூடினதற்காக அவர் எங்கேயும் சிவப்புக் குறி போடவில்லை. டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1893இல் ஜப்பானுக்குத்தான் போனார், உடம்பு ஒத்துக்கொள்ளாமல் திரும்பினார், 1895இல் இந்தியா வந்தார், டோனாவூர் எல்லாம் அதற்குப் பிறகு. ஜப்பானை என்னவென்று சொல்வது, பிழையா, படியா? அந்த அம்மா விடை சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

எரேமியா 29:11, உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று நோட்டீஸிலும் பயிற்சி ஏட்டின் அட்டையிலும் இருந்த வசனம், அதை 5ஆம் வசனத்திலிருந்து வாசிக்கவைத்தார். பாபிலோனில் சிறையிருக்கிறவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள். திரும்பி வருவதற்கு 70 வருஷம் ஆகும். கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இதை அறிந்துகொண்டு அந்த வசனத்தைச் சொன்னால் வேறு மாதிரிக் கேட்கிறது.

கேள்வி நேரத்தில் எழுந்தவர் ஈ.பி.யில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார், பேத்திக்குத் துணையாக வந்தவர். பத்தொன்பது வயசில் ஒரு கன்வென்ஷனில் முழுநேர ஊழியத்துக்குக் கை தூக்கினாராம், மூன்று தங்கைகள் இருக்கிறார்கள் என்று அப்பா விடவில்லையாம். அவருடைய ஏட்டில் பத்தொன்பதில் குறி, அதற்கப்புறம் கோடு முழுக்க வெறுமை. "நேத்து ராத்திரி சொன்னாங்களே, நான் இரண்டாம் தரமா அம்மா?" என்று கேட்டார். எழுபதை நெருங்குகிற மனுஷன் வாலிபப் பிள்ளைகள் முன்னால் கேட்கிற கேள்வியா இது.

அவர் சட்டென்று ஆறுதல் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. "ஐயா, அன்றைக்கு நீங்கள் எதையாவது இழந்தீர்களா என்று எனக்குத் தெரியாது. இழந்திருக்கலாம். ஒன்றுமே இழக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்" என்றார். பிறகு நெகேமியா 9:19ஐயும் தொடர்ந்து வருகிற வசனங்களையும் பேத்தியை வாசிக்கச் சொன்னார். கானானை இழந்த அதே ஜனங்களுக்கு வழிகாட்டின மேகஸ்தம்பம் பகலில் விலகவில்லை, வானத்திலிருந்து வந்த மன்னா என்கிற ஆகாரம் நிற்கவில்லை, 40 வருஷமும் உடுப்பு பழசாகவில்லை, கால் வீங்கவில்லை. இது இரண்டாம் தர மேகமா, இரண்டாம் தர மன்னாவா என்று கேட்டார். கோட்டில் மீதி இடத்தை எழுதிக் கொண்டுவாருங்கள், யாருக்குக் கல்யாணம் பண்ணிவைத்தீர்கள், யாருக்குக் கரண்ட் கொடுத்தீர்கள், ஓய்வுநாள் பள்ளியில் யாருக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள், எல்லாவற்றையும், என்றார். சார் உட்கார்ந்து பேனாவைத் தேடினார். நீலப் பேனாவை நான்தான் கொடுத்தேன்.

குறைகளுக்கு வருகிறேன். கட்டணம் வாங்கின பிறகு இரண்டு தடவை காணிக்கைப் பை வந்தது, மூன்றாவதாக "விதை விதைக்க" ஒரு கவர். சனி இரவு அழுகையோடு அழுகையாக ஒரு அர்ப்பணிப்பு அட்டையைக் கொடுத்து முழுநேர ஊழியத்துக்கு முன்வருகிறவர்கள் போன் நம்பர் எழுதச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு இறங்கி வந்த மறுநாளிலிருந்து அழைப்புமேல் அழைப்பு. படிப்பை நிறுத்திவிட்டு வரலாமா என்று ஒருவன் வீட்டில் கேட்டு ஒரே ரகளை. ராத்திரி பத்து மணிக்கு, கீபோர்டு சத்தத்தில், இருபது வயசுப் பிள்ளையிடம் வாழ்நாள் முடிவுக்குக் கையெழுத்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தேவ சித்தம் என்ன என்று அத்தனை தவிக்கிறவர்களுக்கு, 1 தெசலோனிக்கேயர் 4:3இல் பரிசுத்தமாயிருப்பதே தேவ சித்தம் என்றும், 5:18இல் எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வதே தேவ சித்தம் என்றும் எழுதியே இருக்கிறதே, அந்த இரண்டு வசனத்துக்கும் பயிற்சி ஏட்டில் ஒரு பக்கம் கூட இல்லை.

யார் போகலாம்? வேதத்தை வாசித்துக் கேள்வி கேட்கிற பிள்ளைகளை அனுப்பலாம், கூட ஒரு பெரியவர் இருந்தால் நல்லது. வேலை போய், நிச்சயம் முறிந்து, ஏற்கெனவே மனசு உடைந்திருக்கிறவர்கள் இப்போதைக்கு வேண்டாம், சனி இரவு அவர்களை இன்னும் நொறுக்கிவிடும். முன்பதிவு செய்யும் முன் போன் போட்டு வேதபாடம் யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த அம்மா வருகிறார் என்றால் தாராளமாகப் போங்கள், சனி இரவு கூட்டம் தொடங்கும்போது சுக்கு காபியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வரவில்லை என்றால் பணத்தை மிச்சம் பிடித்து, நாலு பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்து எண்ணாகமம் வாசியுங்கள். போகிறவர்கள் கம்பளி ஒன்று கூடுதலாக எடுத்துப் போகவும், அங்கே தருவது மெல்லிசு.